ஒரு மீன் மாட்டினால் போகலாம்

பிள்ளைகளே, இது எழுபதுகளில் ஒரு டிசம்பர் நாளில் நடந்தது. நான் இங்கே பிறந்தவன், எனக்குக் குடியுரிமை இருந்தது. கைக்குழந்தையாக இந்தியாவிலிருந்து வந்த உங்கள் பெரியப்பாவுக்கு இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய அவருக்கு வேலை பெர்மிட் மறுபடி கிடைக்கவில்லை. மறுநாள் பினாங்கில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறவேண்டும்.

"கடைசியா ஒருக்கா மீன் பிடிக்கப் போலாம்டா" என்றார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை லூமுட் கடற்கரையில் விட்டுப்போன பழைய காயாக் துடுப்புப் படகில் போய், ஆழமில்லாத பாறைத்திட்டருகே தூண்டில் போட்டோம். மழை பிடித்துக்கொண்டது. குளிரில் எனக்குப் பல் கிட்டியது.

"அண்ணே, திரும்பலாம்லா. அம்மா தேடும்."

"ஒரு மீன் மாட்டட்டும், போலாம். வெறுங்கையோட போனா அம்மா சிரிக்கும்."

அவர் தூண்டில் நரம்பு பாறையில் சிக்கியது. நான் இழுத்து எடுத்தேன். கொக்கியில் இரை இல்லை. இரைக்குக் கொண்டுவந்ததில் அவர் பங்கு இறால் காலடியில் அப்படியே இருந்தது. காலையிலிருந்து வெறும் கொக்கியைத்தான் போட்டிருக்கிறார்.

"மீன் மாட்டிட்டா கரைக்குப் போயிரணும்லடா" என்றார், என்னைப் பார்க்காமல்.

என் கொக்கியிலிருந்த இறாலையும் கழற்றிக் கடலில் போட்டேன்.

இருட்டியபின் வெறுங்கையோடு வீடு திரும்பினோம். அம்மா சிரிக்கவில்லை. கப்பலேறிய அண்ணனை அப்புறம் நான் பார்க்கவேயில்லை. திரும்பலாம் என்று அவசரப்படுத்தியவன் நான். இன்னும் கொஞ்சநேரம் இருந்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.