கையெழுத்து இல்லாத விண்ணப்பம்

அந்த வருஷம் திருவள்ளூரிலிருந்து எம்.ஏ. பொருளாதாரத்துக்கு விண்ணப்பம் போட்ட பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி, நாலு வருஷம் என்னோடு ஒரே ரயிலில் மெட்ராஸுக்குப் போய்ப் படித்தவள். என் அப்பா முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தா. அவளுடைய வாப்பாவுக்குப் பழவேற்காடு பூர்வீகம். திருவள்ளூர் கடைத்தெருவில் குடையும் ட்ரங்குப் பெட்டியும் விற்கிற கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெருதான்.

பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் எதிரெதிரே உட்காருவோம். வகுப்பில் எனக்குப் புரியாததை அவள்தான் ரயிலில் புரியவைப்பாள். பேராசிரியர் ஒரு மணி நேரம் கரும்பலகையில் கோடு கோடாகப் போட்டதை, ஆவடியில் ஆரம்பித்துத் திருநின்றவூருக்குள் சொல்லி முடித்துவிடுவாள்.

"மழ வந்தா குடைக்கு டிமாண்டு ஏறும், வெலையும் ஏறும்னு புக்குல கீது. எங்க வாப்பா ஏத்த மாட்டாரு. நனைஞ்சிக்கினு வர்றவன்கிட்ட கூடக் கேக்கறதாம்பாரு. அவர எந்தக் கோட்டுலடி கொண்டுபோய் வைக்கிறது?" என்று ஒருமுறை கேட்டாள். எதிரில் இருந்த கீரைக்காரம்மா எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

பி.ஏ. முடிவு வந்தபோது அவள் என்னைவிட நல்ல மார்க் வாங்கியிருந்தாள். அதில் எனக்குப் பொறாமை வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையாகத்தான் சந்தோஷப்பட்டேன். அதன் பிறகு ஒரு பேச்சு காதில் விழுந்தது. எம்.ஏ.யில் பெண்களுக்கு இருப்பதே சில இடங்கள்தானாம், ஒரே ஊரிலிருந்து இரண்டு பெண்களை எடுக்க மாட்டார்களாம். யார் சொன்னது என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வீட்டில் அப்பாவும் சொல்லிவிட்டார்: "சீட்டு கெடச்சா படி. இல்லன்னா வர்ற தையில கல்யாணம். சும்மா ஊட்ல ஒக்காந்துக்கினு இருக்க முடியாது."

விண்ணப்பத்துக்குக் கடைசி நாளுக்கு முதல்நாள் நான் மெட்ராஸுக்குப் புறப்பட்டேன். அவளால் வர முடியவில்லை. அவள் அம்மாவுக்கு டைபாய்டு. வாப்பா சரக்கெடுக்க சூளூர்பேட்டைக்குப் போயிருந்தார். அவள் வாசலுக்கு வந்தபோது கையில் ஈரத்துணி இருந்தது. விண்ணப்பப் பாரத்தை என்னிடம் நீட்டினாள்.

"அம்மா பக்கத்துல ஒக்காந்துக்கினே ரொப்பினேன்டி. எதுனா உட்டுட்டனான்னு ஒருவாட்டி பாத்துடு."

ரயில் செவ்வாப்பேட்டையைத் தாண்டும்போது பார்த்தேன். எல்லாம் அவளுடைய மணிமணியான எழுத்தில் சரியாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் பாதுகாவலர் கையெழுத்து என்று போட்டிருந்த இடம் மட்டும் காலி. பாரத்தை மடித்து என் பாரத்துக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அப்போது நான் எதுவும் தீர்மானிக்கவில்லை என்றுதான் வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வேப்பம்பட்டில் இறங்கி எதிர் ரயிலைப் பிடித்துத் திரும்பியிருக்கலாம் என்று தோன்றியதும், இறங்காமல் உட்கார்ந்திருந்ததும் நினைவிருக்கிறது.

கல்லூரி அலுவலகத்தில் வயதான குமாஸ்தா ஒருவர் இரண்டு பாரங்களையும் நிதானமாகப் புரட்டினார்.

"இந்த ரெண்டாவதுல கார்டியன் கையெழுத்து இல்லியேம்மா. யாரு இந்தப் பொண்ணு, தெரிஞ்சவங்களா?"

"ஒரே காலேஜ் சார்."

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. எடுத்துக்கினு போய்க் கையெழுத்து வாங்கினு வந்துடேன். நல்ல மார்க்கா வேற இருக்கு."

"அவங்க வீடு எங்கன்னு எனக்குத் தெரியாது சார். குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன்."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். இரண்டு பாரத்திலும் திருவள்ளூர் என்றுதான் எழுதியிருந்தது. அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. என் பாரத்தை ஒரு காகிதக் கட்டிலும் அவளுடையதை வேறொரு கட்டிலும் வைத்தார்.

திரும்பி வந்தபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"எல்லாம் சரியா இருந்திச்சா?"

"சரியா இருந்திச்சி."

எனக்கு இடம் கிடைத்தது. அவளுக்கு, பாதுகாவலர் கையெழுத்து இல்லாததால் விண்ணப்பம் பூர்த்தியாகவில்லை என்று கடிதம் வந்தது. அடுத்த நாள் சாயங்காலம் அவள் வாப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னிடம் ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று பயந்தேன். அவர் வந்ததோ எனக்கு வாழ்த்துச் சொல்ல. கடையிலிருந்து ஒரு புதுக் குடையும் கொண்டுவந்திருந்தார்.

"மழையில போய்க்கினு வர்ற புள்ள, வச்சுக்கோம்மா" என்றார். அம்மா கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "எல்லாம் என்னாலதாம்மா. அன்னிக்குப் பாத்து நான் சூளூர்பேட்டைக்குப் போய்ட்டேன். ஊட்ல இருந்திருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேன். ஒரு கையெழுத்து. எம் பொண்ணுக்கு ஒரு வருஷம் போச்சே."

அப்பா அவருக்குச் சமாதானம் சொன்னார். நானும் சொன்னேன். "உங்க மேல தப்பு இல்ல மாமா. அடுத்த வருஷம் போட்டுக்கலாம்." அந்த வார்த்தைகளை நான் நல்ல குரலில், ஆறுதலாகச் சொன்னேன். குமாஸ்தாவிடம் சொன்ன பொய்யைவிட இதை நினைத்துத்தான் இன்றும் எனக்குக் காது சுடுகிறது.

வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த வருஷம் பொருளாதாரத்தில் இரண்டு இடங்கள் காலியாகவே இருந்தன. ஊருக்கு ஒரு பெண் என்று எந்தக் கணக்கும் கிடையாது.

மறு வருஷம் அவள் மறுபடி விண்ணப்பித்தாள். அவள் வாப்பாவே கூட வந்தார். இடம் தெரிந்தவள் என்று என்னையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் குமாஸ்தா என்னை அடையாளம் கண்டுகொள்வார் என்ற பயத்தில், வகுப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தேன். அவள் வாப்பா பாரத்தைக் கொடுப்பதற்கு முன்பு கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தன் கையெழுத்தைப் பார்த்தார். மூடினார். மறுபடி திருப்பிப் பார்த்தார்.

அவளுக்கு இடம் கிடைத்தது. மறுபடி ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஒருநாள் காலை அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "வாப்பா இப்பல்லாம் வெளியூருக்கே போறதில்லடி. சரக்கெடுக்கக்கூட ஆள அனுப்பறாரு. நான் இல்லாத நேரத்துல உங்களுக்கு எதுனா வேணும்னா இன்னா பண்றதுங்கறாரு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஆவடி தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அந்தக் குமாஸ்தா சொன்னத இன்னொருவாட்டி சொல்லு" என்றாள்.

சொன்னேன்.

"மறுநாள் சாயங்காலம் வரைக்கும் டைம் கீதுன்னாரா?"

"ஆமா."

"எங்க ஊடு தெரியாதுன்னியா நீ?"

"ஆமா."

பேசின்பிரிட்ஜ் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புத்தகங்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எங்கிட்ட சொன்னா போதாது. வாப்பாகிட்ட போய்ச் சொல்லு. அவரு இன்னும் தன் மேலயே போட்டுக்கினு கீறாரு."

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். சனிக்கிழமை கடைக்குப் போனேன். காக்களூரிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் பெண் கல்யாணத்துக்கு ட்ரங்குப் பெட்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று ஓரமாக நின்றேன். அவர்கள் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து திறந்து மூடினார்களே தவிர, போகிற வழியாக இல்லை. "வாம்மா, இன்னா வேணும்?" என்று அவள் வாப்பா மறுபடியும் கேட்டார். அவர்கள் எதிரிலேயே சொன்னேன். அந்த அம்மாள் பெட்டி மூடியைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் கையெழுத்துப் போடுவேன்னு உனுக்குத் தெரியும் இல்லம்மா?"

"தெரியும் மாமா."

"ஒரு வருஷமா ராத்தூக்கம் இல்லம்மா எனக்கு."

திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் எழுந்து அந்தத் தம்பதிக்குப் பெட்டியின் தாழ்ப்பாள் எப்படி விழுகிறது என்று காட்ட ஆரம்பித்தார். போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே, "நீ ஊட்டுக்குப் போம்மா" என்றார். வழக்கமான குரல்தான்.

அந்த வாரத்துக்குள் விஷயம் அப்பா வேலை பார்க்கும் கோர்ட்டு வரை பரவிவிட்டது. கடைத்தெரு வழியாகக் கோர்ட்டுக்குப் போகிற அப்பா, அன்றிலிருந்து குளத்தைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். வெயிலில் வேர்த்து வழிய வந்து நிற்பார். அம்மா காரணம் கேட்டால், "நடந்தா ஒடம்புக்கு நல்லது" என்பார். நான் அடுக்களைக்குள் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ரயிலில் அவள் அதே பெட்டியில்தான் ஏறினாள், மறுகோடியில் உட்கார்ந்தாள். வழியில் பார்த்தால் தலையசைப்பாள். நான் சுமாராகத் தேறினேன். அடுத்த வருஷம் அவள் முதல் வகுப்பில் தேறியதைப் பேப்பரில் பார்த்தேன். மூன்று கார்டுகளைக் கிழித்துப்போட்ட பிறகு நாலாவதில் வாழ்த்து எழுதிப் போட்டேன். இரண்டு தெரு நடந்து போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு வாரம் கழித்து அவளிடமிருந்து பதில் வந்தது. "கார்டு கிடைத்தது. வாப்பா சௌக்கியம்" என்று மட்டும் இருந்தது. வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தேன். பதில் எழுதவில்லை.