வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்

அந்தமானின் மாயாபந்தரில் கப்பல் டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தன் பையைக் காலாலேயே முன்னே தள்ளிக்கொண்டிருந்தார். யாராவது இடையில் நுழைந்தால், "லைன் மே ஆவோ" என்று அதட்டினார்.

வரிசையில் ஒரு பெரியவர் சுருண்டு விழுந்தார். மூச்சு இல்லை. அந்தப் பெண் மண்டியிட்டு அவர் நெஞ்சை விடாமல் அழுத்தினார். நான் டிக்கெட் ஆபீஸிலிருந்து ஷாக் கொடுக்கும் மெஷினை எடுத்து ஓடிவந்தேன்.

"யாரும் தொடாதீங்க, சப் ஹட் ஜாவோ" என்று அந்தப் பெண் எல்லாரையும் விலகச் சொன்னார்.

ஷாக் கொடுத்துவிட்டு மறுபடி அழுத்தினார். பெரியவர் முனகினார்.

ஆம்புலன்ஸ் போனதும் அந்தப் பெண்ணுக்கு வரிசையில் முதல் இடத்தை விட்டோம்.

"வேணாம். என் பையை யாரு பின்னால தள்ளினது? நீங்கதானே?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். பை அவர் கையில் நிற்காமல் நழுவியது. விரல்கள் அப்படி நடுங்கின.

நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருந்தால் அந்த நடுக்கம் அடங்கியிருக்குமோ என்று இப்போதும் தோன்றுகிறது.