தொட்டபெட்டா உசரத்துக்கு எங்க ஊர் மேம்பாலம்

இந்த மாசத்துக்குள்ள தொட்டபெட்டா உசரத்தை நம்ம புதுக்கோட்டை ரயில்வே மேம்பாலத்துலயே ஏறி முடிக்கணும். அதுக்காகத் தினம் காலைல மவுண்டன் பைக்ல ஏறி எறங்கி, ஏறின உசரத்தையெல்லாம் கூட்டிக்கிட்டே வாறேன்.

இன்னைக்குப் பதினஞ்சாவது தடவை எறங்கினப்ப, பாலத்தடியில இளநீர் விக்கிற அண்ணன் மறிச்சாரு.

"எந்தச் சாமிக்கு வேண்டுதல் தாயி? தெனம் இத்தனை சுத்து வாரியே!"

"வேண்டுதல் இல்லண்ணே. மலை உசரம் ஏறுறேன்."

"அதுக்கு ஊட்டி பஸ்ஸுல போகலாமே?"

"பஸ்ஸுல போனா பஸ்தாண்ணே மலை ஏறும். நான் ஏறணும்."

ஒரு காயைச் சீவி நீட்டினாரு. "வெரதம்னு நெனச்சு இத்தனை நாளா ஒன்னக் கூப்பிடாம விட்டுட்டேன்."

குடிச்சிட்டு இன்னும் அஞ்சு தடவை ஏறினேன்.

'புதுக்கோட்டையில எங்கிட்டு மலையேறுவ'ன்னு சிரிச்சவங்க நாளைக்குப் பாலத்துக்கு வாங்க. மூணாவது தடவை ஏறையிலயும் சிரிப்பு வருதான்னு பாப்போம்.