மாமன் தோளில் உச்சி

நான்காம் வகுப்புப் படிக்கிற, இரண்டு காலும் நன்றாக இருக்கிற ஒரு பெண்ணை நெல்மூட்டை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு மலையேறுவது அநியாயம். அன்றைக்கும் அநியாயம், இன்றைக்கும் அநியாயம். இப்போதெல்லாம் அந்த மலைக்கு வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். முதுகில் பை, காலில் தடித்த ஷூ, உச்சியில் செல்ஃபி. அவர்களுடைய பிள்ளைகள் தம் காலால் ஏறித் தம் காலால் இறங்குகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

திருப்பத்தூர் தாண்டி, அம்மா பிறந்த ஊருக்குப் பின்னால் நிற்கிற மலை அது. ஐப்பசி மழையில் குளித்து எழுந்து, கார்த்திகை பிறக்கும்போது பச்சையும் ஈரமுமாக நிற்கும். அப்போது ஊரே ஏறும். உச்சியிலுள்ள கல்தூணில் விளக்கு வைத்துவிட்டு இறங்கும். அதில் பிள்ளைகளுக்கென்று ஒரு வழக்கம். முதல்முறை ஏறுகிற பிள்ளை கடைசி ஏற்றத்தைத் தாய்மாமன் தோளில்தான் கடக்க வேண்டும். மாமன் இறக்கிவிட்ட பிறகுதான் அதன் கால் உச்சியில் படலாம். மற்றப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பால்பல் விழுவதற்குள் முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை. அம்மாவும் மாமாவும் பேசிக்கொள்வதில்லை.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது மாமா புதுவீடு கட்டினார். உடன்பிறந்தவளை நேரில் வந்து, தட்டு வைத்து அழைக்க வேண்டாமா? நாங்கள் குடியிருந்த செக்காலைக்குச் சாமான் வாங்க வந்த தம் பக்கத்து வீட்டுக்காரரிடம் பத்திரிகையைக் கொடுத்தனுப்பினார். அம்மா அதை வாங்கி அரிசி டப்பாவின் மேல் வைத்தாள். கிரகப்பிரவேசத்துக்குப் போகவில்லை. அதோடு சரி.

நான் நான்காம் வகுப்பில் இருந்த வருடம் அப்பாதான் ஆரம்பித்தார். “இன்னும் ஒரு வருசம் போச்சுன்னா ஒன் மகளைத் தூக்க ஒங்கண்ணன் பத்தாது. கிரேன்தான் வரணும்.”

மறுநாளே அம்மா ஊருக்கு ஆள்விட்டுச் சொல்லியனுப்பினாள். அவளும் நேரில் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கிரேன் என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ‘யாரும் என்னைத் தூக்க வேண்டாம், நானே ஏறி நானே உச்சியில் கால் வைப்பேன்’ என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

அடிவாரத்தில் மாமா நின்றிருந்தார். அம்மா அவருக்குப் பின்னால் இருந்த புளியமரத்தை நலம் விசாரிப்பதுபோலப் பார்த்தாள். ஏற ஆரம்பித்தோம். நடுவில் நான் நடந்தேன். அதுதான் நான் செய்த தவறு.

“ஏடி, வெறும் வயித்தோட வந்திருக்காகளான்னு கேளு” என்றாள் அம்மா.

“சாப்பிட்டாச்சுன்னு சொல்லு ஆத்தா. நம்ம வீட்ல அடுப்பெரியுதுன்னும் சேத்துச் சொல்லு.”

“அந்த அடுப்பைத்தான் நாம பாத்ததே இல்லையேன்னு சொல்லு.”

“வந்திருந்தாப் பாத்திருக்கலாம்னு சொல்லு.”

“கூப்பிட்டிருந்தா வந்திருப்போம்னு சொல்லுடி!”

இருவருக்கும் காது நன்றாகவே கேட்டது. ஆனாலும் நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லும்வரை இருவரும் காத்திருந்தார்கள். மூச்சிரைக்க ஏறுகிற பிள்ளைக்கு இது என்ன தண்டனை? சுனையருகே தண்ணீர் குடிக்கக்கூட என் வாய்க்கு ஓய்வில்லை.

கடைசி ஏற்றத்துக்குக் கீழே வந்ததும் ஓடிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். ஓடினேன். ஈரப்பாறையில் நாலு எட்டு வைத்திருப்பேன்; பின்னாலிருந்து இரண்டு கைகள் என்னைக் கொத்தாக அள்ளின.

“விடுங்க மாமா! நானே ஏறுவேன்! விடுங்க!”

“ஒன்ன விடவா இத்தன வருசம் காத்துக் கெடந்தேன்?”

உதைத்தேன். காதைப் பிடித்துத் திருகினேன். கூட ஏறியவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்று சிரித்தார்கள். “கல்யாணத்துக்கு முன்னாடியாச்சும் தூக்கிட்டாரப்பா” என்றார் ஒருவர். அவமானத்தில் காது கொதித்தது. உச்சி அதோ, கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. என் கால்களோ மாமாவின் மார்பில் சும்மா தொங்கின.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “ஏடி, இடதுபக்கம் பாசியா கெடக்கு. இங்குட்டு வரச் சொல்லு.”

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். என் காலுக்கு மரியாதை இல்லாத இடத்தில் என் வாய் மட்டும் எதற்கு உழைக்க வேண்டும்?

“சொல்லுடி!”

சொல்லவில்லை. மாமாவும் வழக்கம்போல என் வாயிலிருந்து வருவதற்காகக் காத்திருந்தார்; காத்துக்கொண்டே இடதுபக்கம் காலைத் தூக்கினார்.

“அண்ணே! அங்குட்டு மிதிக்காதீக! விழுந்துறப் போறீகண்ணே!”

மாமா அப்படியே நின்றார். தூக்கிய காலை மெதுவாக வலதுபக்கம் மாற்றி வைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

“சரி ஆத்தா” என்றார்.

பிறகு நடந்தார். அவர் தோள் குலுங்கியது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று முடிவுகட்டி, பலமாக இன்னோர் உதை விட்டேன். அம்மா பார்த்தாள்; அதட்டவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒருவர் என்னைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார், ஒருத்திக்கு மலைக்காற்றில் ஜலதோஷம்; என் மானம் போவதைப் பற்றி அந்த மலையில் ஒருவருக்கும் கவலை இல்லை.