நகரி கறிக்கடையில் மாடி வீட்டுக்காரர்

இன்று ஞாயிறு, முழு ஊரடங்கு. திருத்தணியில் கறிக்கடை திறக்காது. எல்லையைத் தாண்டினால் ஆந்திரா, அங்கே ஊரடங்கே கிடையாது. வண்டியை எடுத்துக்கொண்டு நகரிக்குப் போனேன்.

கடையில் கூட்டம். எனக்கு முன்னால் நின்றவர் மாஸ்க் இல்லாமல் இருமிக்கொண்டே இருந்தார். இந்த நகரிக்காரர்களிடமிருந்துதான் நம் ஊருக்குக் கொரோனா வருகிறது என்று நினைத்தபடி ஒதுங்கி நின்றேன்.

கறி வெட்டுகிறவர் என்னையே முறைத்தார்.

"இன்னும் தள்ளி நில்லு நைனா. உங்க ஊர்லருந்துதான் எங்களுக்குத் தொத்துது."

"நான் எந்த ஊருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாஸ்க் போட்டுகினு வர்றவங்க எல்லாம் திருத்தணிதான்."

இருமியவர் திரும்பினார். எங்கள் மாடி வீட்டுக்காரர்! ஜுரம் என்று ஒரு வாரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவர்.

"மாஸ்க் எங்கங்க?" என்றேன்.

"இங்கதான் ஃபைன் இல்லியேங்க!"

கறி வாங்காமலே திரும்பிவிட்டேன். வழியில் என்னை முந்திப் போன மாடி வீட்டுக்காரர், தமிழ்நாட்டு செக்போஸ்டுக்குச் சற்று முன்னால் வண்டியை நிறுத்தி, பையிலிருந்து மாஸ்க்கை எடுத்து ஒழுங்காக மாட்டிக்கொண்டார்.

இப்போது அவர் மனைவி கீழே வந்து ஒரு தூக்கு நிறையக் கறிக்குழம்பு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "நீங்க வாங்காமலே வந்துட்டீங்களாமே, அவர் ரொம்ப வருத்தப்பட்டார்."

வாசனை ஆளைத் தூக்குகிறது. சாப்பிடலாமா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள், ஆறிக்கொண்டிருக்கிறது.