ஓர் ஆறு, இரண்டு ஊர், ஒரு சுவர்

வரைபடம் கீறும் தொழிலில் கோடு இழுப்பது சுகம், பெயர் எழுதுவதுதான் தலையிடி. கல்யாண அட்டையில் பெரியப்பாமாரின் பெயர்களை வரிசைப்படுத்திப் பேச்சு வாங்கியவர்களே, நீங்கள் என் இனம்.

ஆறில்லா ஊர்க்காரி

கனடாவில், ஸ்காபரோவில் மனோ அண்ணையின் சின்னக் கடையில் வேலை செய்கிறேன். பிறந்த இடத்தைச் சுவரில் மாட்டப் படமாகக் கேட்டு வருவார்கள். கீறி, சட்டம் போட்டுக் கொடுப்போம். அநேகம் பேர் எங்கள் யாழ்ப்பாண ஆட்கள். கோயில், குளம், ஒழுங்கை, சித்தப்பா வீட்டுக் கிணறு, எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

போன வசந்தத்தில் டெரிக் வந்தார். மல்வேர்ன் பக்கம் பஸ் ஓட்டுகிறவர், கயானாவில் அடர்காட்டுக்குள் பிறந்தவர். அஜக்ஸில் வாங்கிய புது வீட்டின் ஹோலுக்குத் தன் ஆறு வேண்டுமாம். யாழ்ப்பாணத்தில் மழை வெள்ளத்தைத் தவிர ஆறென்று ஒன்றை நான் கண்டதில்லை என்று மனோ அண்ணையிடம் அழாக்குறையாகச் சொன்னேன். அவர் நிமிரவேயில்லை. "அதுதான் பிள்ளை நல்லது. ஆறு தெரிஞ்சவள் ஒரு பக்கம் சாய்ஞ்சிடுவாள்."

காட்டுக்குள் ஒளித்த ஆறு

வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படத்தில் ஆற்றைத் தேடினால் மரம்தான் தெரிந்தது. மழையில்லாத மாதத்துப் படத்தில் நூல் மாதிரி நெளிந்தது; மழைக்காலப் படத்தில் காடே தண்ணீருக்குள் நின்றது. எதைக் கரை என்று கீறுவது? போதாக்குறைக்கு மேலே இரண்டாகப் பிரிந்தது. ஒன்று நீளம், மற்றது அகலம். எது ஆறு, எது கிளை என்று டெரிக்கைக் கேட்டேன். அவருடைய கயானா இங்கிலீஸை எங்கள் பாஷையில் தருகிறேன்: "நான் நீந்தப் பழகினது ஆறு. மற்றது கிளை."

மூன்று பெயர்

எந்தக் காலத்திலோ அளக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் மேலதிகாரியின் மனைவி பெயரை அந்த ஆற்றுக்கு வைத்துவிட்டுப் போயிருந்தார். அரச வரைபடத்தில் அதுதான் இருந்தது. டெரிக்கின் ஊரில் அதற்கு 'கறுப்புத் தண்ணி' என்று பொருள்படும் பெயர். இலை ஊறி, பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் ஓடுமாம். அந்தப் பெயரையே எழுதினேன்.

மாதிரியைப் பார்க்க டெரிக்கோடு அவர் மனைவி பொலினும் வந்தார். அதே ஆற்றில் கீழே ஓர் ஊர் அவருக்கு. அங்கே ஆற்றுக்கு ஒரு மீனின் பெயர். படத்தைக் கண்டதும் முகம் கறுத்துவிட்டது. இரண்டு பேரும் கடைக்குள்ளேயே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். சமாதானமாக வெள்ளைக்காரர் வைத்ததையே போடுவோமா என்றேன்; அப்போது மட்டும் ஒற்றுமையாக என்னை முறைத்தார்கள். பிறகு பொலின் கதிரையில் இருந்து மெதுவாகச் சொன்னார். "அப்பா அந்தக் கரையிலதான் கிடக்கிறார். சாகுமட்டும் அந்தப் பெயரைத்தான் சொன்னவர். சுவரில வேற பெயர் தொங்கினால் நான் அந்த வீட்டுக்குக் குடிபூர வரமாட்டன்."

தோணி தூக்கும் இடம்

வீட்டுத் திறப்புக் கொத்து அவர்கள் கையில், ஆனால் குடிபூரல் என் தலையில். யோசித்தபோது எங்கள் வீதியொன்று ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் நிற்பவனுக்கு அது காங்கேசன்துறை றோட்டு. காங்கேசன்துறையில் நிற்பவனுக்கு யாழ்ப்பாண றோட்டு. அதற்காக யாரும் வேலிச் சண்டை போட்டதில்லை.

மறுமுறை அவர்கள் வந்தபோது பெயர்ப் பேச்சையே எடுக்கவில்லை. உங்கள் ஊர்த் தோணி எதுவரை போகும் என்று தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு பேரின் விரலும் படத்தில் ஒரே இடத்தில் வந்து நின்றன. பாறைகளில் ஆறு சீறி விழும் இடம் அது. இறங்கி, சாமானையும் தோணியையும் தோளில் தூக்கிக்கொண்டுதான் கடக்க வேண்டும். பாறைக்கு மேலே டெரிக்கின் பெயர், கீழே பொலினின் பெயர் என்று எழுதிக் காட்டினேன். டெரிக் தலையாட்டினார். பொலின் பாறையை விரலால் தடவிச் சிரித்தார். "இஞ்சதான் இவர் முதன்முதல் என்ர மூட்டையைத் தூக்கினவர். இன்னும் இறக்கி வைக்கேல்லை."

ஆறில்லா ஊர்க்காரி இந்தத் தொழிலில் படித்தது இவ்வளவுதான்: ஆற்றின் பெயரைக் கேட்டால் குடும்பம் பிரியும், தோணியை எங்கே தூக்கினீர்கள் என்று கேட்டால் படம் சுவரில் ஏறும்.