பன்றி உடம்பு, கிளி மூக்கு, தேய்ந்த பல்

ஊரில் பாதிப் பேர் பல்செட்காரர் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். சிரிக்காதவள் ஒருத்தி உண்டு. அவருடைய மனைவி.

வீட்டிலேயே துணி தைப்பவள். படியில் வழுக்கி விழுந்து முன்பற்கள் போனதிலிருந்து வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசினாள். முத்துக் கோத்ததுபோல் அவர் பல் செய்து கொடுத்தார். போட்டுப் பார்த்தவள் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா யாரோ பொம்பளை மாதிரி இருக்கேன்."

அன்றிலிருந்து அந்த ஒரு சிரிப்புக்காக அவர் ஏங்காத நாளில்லை.

அப்போதுதான் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண்மணி அவருடைய பட்டறைக்கு வந்தார். மெழுகும் அச்சு மாவும் அப்பிய மேசையில் இடம் ஒதுக்கி, கல்லாகிப்போன ஒரு தாடையை, மேலும் கீழுமாக, வைத்தார்.

"ஒரு பக்கம் உடைஞ்சிருக்கு சார். மறுபக்கத்தைப் பார்த்துச் செஞ்சு தருவீங்களா?"

"யாரோட வாய் மேடம் இது?"

"ரிங்கோசார். டைனோசர்கள் பெருகுறதுக்கு முன்னாடி வாழ்ந்த ஊர்வன. பன்றி அளவு உடம்பு, கிளி மாதிரி மூக்கு. சுத்த சைவம்."

"சைவமா? இத்தனை பல்லை வச்சுக்கிட்டா?"

அவருக்கு அது பித்தாகவே ஆகிவிட்டது. மேல்தாடையில் வரிசை வரிசையாகப் பற்கள், நடுவே ஒரு பள்ளம். பேனாக்கத்தி பிடிக்குள் மடங்குவதுபோல் கீழ்த்தாடை அந்தப் பள்ளத்தில் இறங்கியது. திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சாப்பாடு ஆறிப்போனது.

"அப்படி என்னத்தைத்தான் தின்னுச்சோ?"

"இப்போதைக்கு உங்களைத்தான் தின்னுக்கிட்டிருக்கு" என்றாள் மனைவி, கைக்குப் பின்னாலிருந்து.

செய்து முடித்ததைப் பெருமையோடு கொண்டுபோனார். பெண்மணி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு சார். அதுதான் சிக்கல். மறுபக்கத்துப் பல்லெல்லாம் மொழுக்குனு தேஞ்சிருக்கே, கவனிக்கலையா?"

"கவனிச்சேன் மேடம். தேஞ்சதைச் சரிபண்றதுதானே எங்க பொழப்பு? கூராக்கிட்டேன்."

பெண்மணி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "இதுக்கு விழுந்த இடத்துல வேற பல்லு முளைக்காது சார். தாடை வளர வளரப் பின்னாடிதான் புதுசு வரும். வேரோ தண்டோ, என்னத்தைக் கடிச்சுதுன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியலை. இந்தத் தேய்மானம்தான் மிச்சம் இருக்குற தடயம். அதையும் சரிபண்ணிட்டா, இது எந்த ஜீவனாவும் இருக்கலாம்."

மனைவி சொன்ன 'யாரோ பொம்பளை' பல்செட்காரர் நெஞ்சில் ஊசியாய் இறங்கியது. எத்தனை வருஷம் நூலைக் கடித்து அறுத்தவள் அவள்! மேல் முன்பல்லின் விளிம்பில் நூல் அறுத்த சின்ன வெட்டு ஒன்று இருக்குமே! பக்கத்துப் பல் லேசாகத் திரும்பி நிற்குமே! இரண்டையும் தன் கையாலேயே திருத்தி அழித்திருந்தார்.

கூராக்கிய பற்களை மறுபக்கம்போலவே மொழுக்கென்று தேய்த்தார். அது முடிந்ததும் ஒரு புதுப் பல்செட். ஒரு பல்லைத் திருப்பி வைத்து, இன்னொன்றின் விளிம்பில் அரத்தால் மெல்ல ஒரு கீறல் போட்டார்.

மனைவி அதை வாயில் பொருத்தினாள். நாக்கு தானாக அந்த வெட்டைத் தேடிப் போனது. தையல் மெஷினில் தொங்கிய நூலை இழுத்தாள், கடித்தாள். பட்டென்று அறுந்தது.

"அடப்பாவி மனுஷா, பல்லியைப் பார்த்துத்தான் என் பல்லு ஞாபகம் வந்துச்சா?"

சிரித்தாள். இரண்டு கைகளும் துணியின்மேல்தான் இருந்தன.

"பல்லி இல்லைடி, ரிங்கோசார்" என்றார் அவர், கண்களைத் துடைத்துக்கொண்டே.